இருப்பு எடுக்கும் நாளில் வரும் படபடப்பு

கேள்வி இது: "மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்து, பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் ஐந்து ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். திருநெல்வேலி டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர், வாரம் ஒருநாள் வந்து தம் பணியாளர்களுக்குக் கவுன்சிலிங் கொடுக்கும்படியும், அப்படியே கடை நிர்வாகத்தை எப்படி மாற்றலாம் என்று யோசனை சொல்லும்படியும் கேட்கிறார். தனி மனிதருக்கான சிகிச்சையையும் நிறுவனத்துக்கான ஆலோசனையையும் ஒருவரே சேர்த்துச் செய்யலாமா? செய்தால் எப்படி?"

சேர்த்துச் செய்யலாம். இரண்டு பயிற்சியும் ஒரே ஆளிடம் இருப்பது பெரிய பலம் என்றே சொல்வேன். ஆனால் ஒரே கடையில், ஒரே ஆட்களிடம், இரண்டு வேலையையும் நீங்களே பார்க்கக் கூடாது. நானும் உங்களைப் போல மருத்துவமனையில் தொடங்கி, பிறகு தென்காசியிலிருந்து திசையன்விளை வரை கடை, பள்ளி, ஆலை என்று அலைந்திருக்கிறேன். இந்த வேறுபாட்டை ஒருமுறை பிசகிய பிறகுதான் கற்றுக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தக் கோரிக்கையைக் கவனியுங்கள். ஒரு முதலாளி, "எங்க ஸ்டாஃபுக்குக் கவுன்சிலிங் குடுங்க" என்று கேட்கும்போது, கடை சரியாகத்தான் இருக்கிறது, ஆட்கள்தான் சரியில்லை என்ற நோய்நிர்ணயத்தை அவர் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார். மருந்து கொடுக்க மட்டுமே உங்களை அழைக்கிறார். மருத்துவமனையில் ஒரு தாய் பிள்ளையைக் கூட்டிவந்து, "இவனுக்குப் புத்தி சொல்லுங்க" என்றால், பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்பு வீட்டைப் பற்றி விசாரிக்கிறீர்கள் அல்லவா? இங்கும் அதே நிதானம் வேண்டும். நீங்கள் கற்ற மருத்துவ உளவியல் கடைக்குப் பயன்படும் முதல் இடம் இதுதான்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு ஜவுளிக்கடைக்கு ஆலோசகராகப் போய்வந்துகொண்டிருந்தபோது, சேலைப் பிரிவு மேற்பார்வையாளர் பேச்சோடு பேச்சாக, "ஒரு பிள்ளைக்கு மாசத்துக்கு ஒருக்க மயக்கம் வருது சார். நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்கா, செத்துப்போயிருவேனோன்னு அழுதா. பொம்பளப் பிள்ளைக்கு வார சமாச்சாரம்னு விட்டுட்டோம்" என்றார். அந்தப் பெண் ஆலங்குளம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். இ.சி.ஜி. எடுத்தாகிவிட்டது, தைராய்டு பார்த்தாகிவிட்டது. இரத்தம் கொஞ்சம் குறைவு என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. நான் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மயக்கம் வந்து அரைநாள் விடுப்பு எடுத்த நாட்களைப் பென்சிலால் வட்டமிட்டபோது, ஆறு மாதத்தில் ஐந்து வட்டங்கள் மாதக் கடைசி வியாழக்கிழமையில் விழுந்தன. அன்றுதான் கடையில் இருப்பு எடுப்பார்கள். குறைகிற சரக்கின் விலையை அந்தப் பிரிவில் நிற்கும் எல்லார் சம்பளத்திலும் சமமாகப் பிடிப்பார்கள். எந்தப் பிரிவில் எவ்வளவு குறைவு என்பதை மைக்கில் வாசிப்பார்கள்.

அந்த இடத்தில் என் முன் இரண்டு வேலைகள் இருந்தன. அந்தப் பெண்ணுக்கு வந்தது பீதித் தாக்கு (panic attack). அதற்கு முறையான உளவியல் சிகிச்சை உண்டு: இதயம் படபடப்பதால் உயிர் போய்விடாது என்பதை உடம்பின் இயக்கத்தைக் காட்டி விளக்குவது, பயந்து விலகுகிற இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்ப வைப்பது என்று பல அமர்வுகள் அதற்குத் தேவை. அதை நான் செய்யவில்லை. பாளையங்கோட்டையில் வேறொரு உளவியலாளரிடம் போகச் சொன்னேன். அங்கே என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. நான் எடுத்துக்கொண்டது இருப்பு எடுக்கும் முறையை மட்டும்தான்.

முதலாளியிடம், "இந்த முறை எப்போது தொடங்கியது?" என்று கேட்டேன். நெடுநேரம் வேறு ஏதேதோ பேசிவிட்டு, அவருடைய தகப்பனார் காலத்தில் நம்பிக்கையான கணக்கப்பிள்ளை ஒருவர் கையாடியதில் கடை ஏறக்குறைய மூழ்கிப்போன கதையைச் சொன்னார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. மைக்கில் வாசிக்கும் பழக்கம் கடை மீண்டு எழுந்த ஆண்டிலிருந்து வந்ததாம். படபடப்பு உண்மையில் முதலாளியுடையது. மூச்சு முட்டியது அந்தப் பெண்ணுக்கு.

இந்த நோக்கு என் கண்டுபிடிப்பு அல்ல. இலண்டனில் ஒரு பயிற்சி மருத்துவமனையின் செவிலியர்களை ஆராய்ந்து உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் 1960-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிக்கல்களில் ஒன்று. நோயாளியைப் பெயரால் அழைக்காமல் "பத்தாம் கட்டில் ஈரல்" என்று சொல்வதும், தூங்குகிறவரை எழுப்பித் தூக்க மாத்திரை கொடுப்பதும், செவிலியர்களை ஒரே வார்டில் நிலைக்க விடாமல் மாற்றிக்கொண்டே இருப்பதும் மூடத்தனத்தால் வந்தவை அல்ல. சாவையும் வலியையும் அன்றாடம் தொட்டு வேலை செய்கிறவர்களின் பதற்றத்தை அடக்கிவைக்க அந்த அமைப்பு தனக்குத் தானே கட்டிக்கொண்ட வேலிகள் அவை என்று அவர் காட்டினார். அந்த வேலி பதற்றத்தைத் தீர்க்கவில்லை. நல்ல செவிலியர்களை வேலையை விட்டே விரட்டியது. ஒரு நடைமுறை பார்ப்பதற்கு அர்த்தமற்றதாக இருந்தும் அதைத் தொட்டாலே எல்லாரும் கோபப்பட்டால், அது எந்தப் பயத்தைக் காவல் காக்கிறது என்று கேளுங்கள். மருத்துவ உளவியல் படிக்காத நிர்வாக ஆலோசகர் இந்த இடத்தில் புதிய படிவம் ஒன்றை அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

இரு துறையும் பிறந்ததே பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான். இலண்டனில் 1920-இல் டாவிஸ்டாக் மருத்துவ நிலையம் தொடங்கப்பட்டது. அந்த வட்டத்து ஆட்களே 1947-இல் நிறுவனங்களை ஆராய்வதற்கென்று டாவிஸ்டாக் மனித உறவுகள் நிறுவனத்தை அமைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் நார்த்ஃபீல்டு இராணுவ மருத்துவமனையில் வில்ஃப்ரெட் பயான் என்ற மனநல மருத்துவர், ஒவ்வொரு சிப்பாயையும் தனித்தனியாகக் குணப்படுத்துவதை விட்டு, வார்டின் ஒழுங்கின்மையையே எல்லாரும் சேர்ந்து ஆராய வேண்டிய பகைவனாக முன்னிறுத்தினார். மேலதிகாரிகளுக்கு அது பொறுக்காததால் ஆறே வாரத்தில் அந்த முயற்சி நின்றுபோனது. அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மரபு நம் நாட்டுக்கு வந்தது நெசவாலை வழியாக. 1953-இல் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் அகமதாபாத்தின் காலிகோ ஆலைக்கு வந்து, தானியங்கித் தறிகளில் ஆளுக்கொரு துண்டு வேலை என்று சிதறிக் கிடந்ததற்குப் பதிலாக, ஒரு தொகுதித் தறிகளுக்கு ஒரு சிறு குழு முழுப் பொறுப்பு என்ற யோசனையை முன்வைத்தார். தொழிலாளர்களே கூடிப் பேசித் தங்களுக்குள் குழு அமைத்துக்கொண்டார்கள். பாபநாசத்து ஹார்வி மில்லில் வேலை பார்த்த தாத்தா யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், தறிக்கு ஆள் பிரிப்பது எவ்வளவு பெரிய மனவருத்தத்துக்குரிய விஷயம் என்பதை அவர் சொல்லியிருப்பார்.

இனி என் பிசகு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நிறுவனத்தின் உரிமையாளருக்கு ஆலோசனையும் சொல்லிக்கொண்டு, அங்கே வேலை பார்த்த ஒருவருக்கு மனச்சோர்வுக்கான சிகிச்சையும் அளித்துவந்தேன். இரகசியம் காப்பேன் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன், காக்கவும் செய்தேன். ஒருநாள் உரிமையாளர் தேநீர் குடித்துக்கொண்டே, "அவரை மேனேஜராப் போடலாம்னு இருக்கேன், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நொடி தயங்கினேன், அவ்வளவுதான். அந்தப் பதவி வேறொருவருக்குப் போனது. வாயைத் திறக்காமலேயே நான் ஒரு நோயாளியைக் காட்டிக்கொடுத்திருந்தேன். அன்று நான் எடுத்த முடிவுதான் உங்களுக்கு முதலில் சொன்னது. கோப்புகளைப் பூட்டி வைக்கலாம். முகத்தைப் பூட்ட முடியாது. இரகசியம் காப்பதற்கு நல்ல குணம் போதாது, நமக்கு அந்தச் செய்தியே வந்து சேராதபடி வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் வழி.

சட்டமும் இதையே எதிர்பார்க்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பெறுகிறவரின் செய்திகள் இரகசியமாகக் காக்கப்படுவதை அவருடைய உரிமையாக ஆக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகள் உண்டு. முதலாளி கேட்டார் என்பது அவற்றில் ஒன்றல்ல. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவர் என்ற முறையில் உங்களுக்குள்ள பொறுப்பு, ஜவுளிக்கடை வாசலில் செருப்போடு கழன்றுவிடாது.

எனவே உடன்பாட்டை எழுத்தில், தமிழில், கடைப் பையனும் வாசித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுங்கள். நான் யாருக்காக வேலை செய்கிறேன், எதை முதலாளியிடம் சொல்வேன், எதை ஒருபோதும் சொல்ல மாட்டேன், எந்த நிலையில் மட்டும் இரகசியத்தை உடைப்பேன் என்பவை அதில் இருந்தால் போதும். அதன் படி ஒன்றை, பணியாளர்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்ட மறுக்கிற முதலாளியிடம் அந்த வேலையை ஏற்காதீர்கள். "இவனை வேலைக்கு வச்சிக்கிடலாமா", "இவளுக்கு மனநிலை சரியா இருக்கான்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க" என்பவற்றுக்கும் இல்லை என்றே பதில். நம் ஊரில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு: சென்னையில் ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் போய்ச் சேர வழி தேட வேண்டும், இங்கே மேலாளரின் மச்சினனும் கல்லாவில் இருப்பவரின் பெரியம்மா மகனும் ஒரே தெருவில் இருப்பார்கள், கொடை விழாக் கமிட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்து, குழுவோடு வேலை செய்வது. அந்தக் கடையில் இருப்பு எடுப்பதைப் பற்றிப் பேச, ஒன்பது மணிக்குக் கடை திறப்பதற்கு முன், மாடிக் கிட்டங்கியில் பதினோரு பேரைக் கூட்டினோம். போர்த்தி வைத்த துணிப் பேல்களுக்கு நடுவில் ஒரே ஒரு நாற்காலி. முதலாளி அதில் உட்கார்ந்தார். மற்றவர்கள் சுவரோரமாக நின்றார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. ஆனாலும் முதலாளி முன்னால் உட்காரக் கால் மடங்க மறுக்கும். நான் ஜமுக்காளம் கேட்டேன். எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம், அண்ணாச்சி உட்பட. முட்டி வலி என்று முனகிக்கொண்டுதான் உட்கார்ந்தார். முதல் இருபது நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு பில் போடும் பெண் ஒருவர், "குறையிறதுல பாதி திருட்டு இல்ல அண்ணாச்சி, ரகத்த மாத்தி அடிச்சிருதோம்" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். சோதித்துப் பார்த்தபோது அவர் சொன்னது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. கடைசியில், தினமும் காலையில் ஒவ்வொரு பிரிவும் ஓர் அடுக்கை மட்டும் தாங்களே எண்ணிக் குறித்து வைப்பது, மைக்கும் பிடித்தமும் மூன்று மாதத்துக்கு நிறுத்தம் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

அதே யோசனையை நான் ஓர் அறிக்கையாக எழுதிக் கொடுத்திருந்தால் அது மேசை டிராயரில் தூங்கியிருக்கும். சமூக உளவியலாளர் கர்ட் லெவின் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனை இதற்குப் புகழ்பெற்ற சான்று. இறைச்சித் தட்டுப்பாட்டின்போது இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புக் கறியைச் சமைக்கும்படி குடும்பத் தலைவிகளில் ஒரு பகுதியினருக்குச் சொற்பொழிவு நடத்தினார்கள். இன்னொரு பகுதியினரைக் கூடிப் பேசித் தாமே முடிவெடுக்க விட்டார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 100-க்கு 3 பேரும், கூடி முடிவெடுத்தவர்களில் 100-க்கு 32 பேரும் அதைச் சமைத்தார்கள். (நம் ஊரில் குடல் கறிக்கு யாரும் சொற்பொழிவு நடத்தத் தேவையில்லை என்பது வேறு விஷயம்.) ஒரு பழக்கம் தனி மனிதருக்குள் இருப்பதைவிட அவர் சார்ந்த குழுவின் வழக்கத்தில்தான் வேர்விட்டிருக்கிறது என்பதே லெவின் கண்டது.

குழுவைக் கவனிக்கும்போது பயான் சொன்ன மூன்று போக்குகள் கண்ணில் படும். எல்லாவற்றையும் தலைவர் பார்த்துக்கொள்வார் என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பது ஒன்று. யாரோ பகைவர் இருக்கிறார் என்று சண்டைக்கு நிற்பது அல்லது ஓடுவது இரண்டாவது. இருவர் சேர்ந்து ஏதோ நல்லது செய்யப்போகிறார்கள் என்று மற்றவர்கள் சும்மா காத்திருப்பது மூன்றாவது. குடும்பக் கடைகளில் இவை கண்ணாடி போலத் தெரியும்: அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தே மூச்சு விடுவார்கள், எதிரில் திறந்திருக்கும் சென்னைக்காரர் கடையைத் திட்டியே கூட்டத்தை முடிப்பார்கள், சின்னவர் எம்.பி.ஏ. முடித்து வந்து புது மேலாளரோடு சேர்ந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவார் என்று ஒரு தீபாவளியிலிருந்து மறு தீபாவளி வரை காத்திருப்பார்கள். வெளியிலிருந்து வந்த உங்களையும் இந்த மூன்றில் ஏதாவது ஓர் இடத்தில் நிறுத்தப் பார்ப்பார்கள். தங்கள் எதிர்பார்ப்பை நோயாளி நம்மேல் ஏற்றுவதைக் கவனிக்கப் பழகியவர் நீங்கள். கூட்டத்திலும் அதே கவனம் உதவும்.

எதிர்ப்பு வரும். அதை உடைக்கப் பார்க்காதீர்கள். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை; ரத வீதி முக்கில் அதுதான் தேரைத் திருப்புகிறது, வடம் இழுப்பவர்கள் மேல் ஏறாமல் காக்கிறது. மைக்கை நிறுத்தக் கூடாது என்று கடைசிவரை வாதாடிய பழைய மேற்பார்வையாளர்தான், தினமும் எண்ணும் முறையில் ஆடித் தள்ளுபடிச் சமயத்தில் வரப்போகும் சிக்கலை முன்கூட்டியே சொன்னவர்.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சீமையில் குழுவைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள், யாரை வா போ என்கிறார்கள் என்று பாருங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வதோடு நிற்காமல், சாதி அடையாளக் கைக்கயிறுகள், பள்ளிகளின் பெயர், ஆசிரியர் இடமாற்றம் என்று அமைப்பின் பக்கமும் கை வைத்தது. சாதி அவமானத்தால் தூக்கம் போன ஒருவருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அதே மேசைக்குத் திருப்பி அனுப்புவது சிகிச்சை என்று எனக்குத் தோன்றவில்லை.

எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் விடுதி எடுத்து, ஒருநாள் பயிலரங்கு என்ற பெயரில் பணியாளர்களை வட்டமாக உட்காரவைத்து, சிறுவயதுத் துக்கத்தைச் சொல்லச் சொல்லி அழவைக்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அழுதவர் திங்கட்கிழமை அதே சகாக்களின் முகத்தில் விழிக்க வேண்டும். காயத்தைத் திறந்தவர் மூடும்வரை இருக்க வேண்டும் என்பது மருத்துவமனையில் கற்றது. கடைக் கூட்டத்தில் வேலையைப் பற்றி மட்டும் பேசவையுங்கள், அதற்குள்ளேயே போதுமான உணர்ச்சி இருக்கும். யாராவது உடைந்து போனால் தனியே அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்து, வெளியில் பார்க்க வேண்டியவரின் எண்ணைக் கொடுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கக்கூடிய அரசு மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐயும் அந்த உடன்பாட்டுத் தாளிலேயே அச்சடித்துவிடலாம்.

உங்களுடைய ஜவுளிக்கடைக்காரரிடம், ஆலோசகராக மட்டும் வருகிறேன், சிகிச்சைக்கு வேறொரு உளவியலாளரை ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லுங்கள். கட்டணத்தைக் கடை கொடுக்கலாம். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று பில் போடக் கூடாது. ஐம்பது பேர் உள்ள கடையில், "இந்த மாதம் இரண்டு பேர்" என்ற எண்ணிக்கையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். எத்தனை பேர் போனாலும் போகாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒரு மொத்தத் தொகை என்று வையுங்கள். நான் அப்படிக் கேட்டபோது அந்த அண்ணாச்சி, "யாரும் வரலைன்னாலும் துட்டா?" என்றார். "திருடன் வராத மாசமும் வாட்ச்மேனுக்குச் சம்பளம் குடுக்கீங்கள்ல அண்ணாச்சி" என்றேன். ஒப்புக்கொள்ள அவருக்கு இரண்டு வாரம் ஆயிற்று.